கழுத்தில் விழுந்த நிழல்

நம்பாதவர்கள் கொல்கத்தா கிடர்பூர் வந்து தேவிப்ரியாவின் ஸ்டுடியோவில் கேட்டுக்கொள்ளலாம். நடந்தது பட்டப்பகலில். போன செப்டம்பர், வெள்ளிக்கிழமை, மணி 3:40.

துர்கா பூஜை பேனருக்குப் படம் எடுக்க வந்தார் துறைமுக காண்ட்ராக்டர் அனந்தகிருஷ்ணன். தேவிப்ரியாவின் அப்பா வேலாயுதம் அவரிடம் மூட்டை இறக்கியவர். மூட்டை தூக்கும் ரோப் நைந்துவிட்டது, மாற்றுங்கள் என்று நாலு தடவை கேட்டார். மாற்றவில்லை. அறுந்தது. மூட்டை விழுந்து அப்பா செத்தார். ‘குடித்துவிட்டு வேலைக்கு வந்தான்’ என்று போலீசுக்கு எழுதிக்கொடுத்தார் காண்ட்ராக்டர். மேஸ்திரி ரமணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை.

“வேலாயுதம் பொண்ணா நீ? குடிகாரன் வீட்டுல கேமராவா, பரவாயில்லையே.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெறும் ஃபிளாஷில் ஒன்று எடுத்தாள்.

“மூஞ்சில எண்ணெய் வழியுது. கொஞ்சம் சாஃப்டா எடும்மா.”

3:46. ஃபிளாஷில் வெள்ளை பிளாஸ்டிக் மூடியை மாட்டினாள். படத்தில் தாடைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். காலர் நிழல் என்று நினைத்தாள்.

3:52. ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைக் குடை. தீற்றல் நாலு கோடாகியிருந்தது.

“ஏசி போட்டிருக்கியா? கழுத்துல ஜில்லுனு இருக்கு.”

ஏசியே கிடையாது.

வெளிச்சம் பெரிதாகப் பெரிதாக நிழல் கரையும். பத்து வருஷத் தொழிலில் அவள் கண்ட உண்மை. இங்கே தலைகீழாக நடந்தது.

3:58. வெளிச்சத்தை இன்னும் மெத்தென்று ஆக்கும், துணி போர்த்திய பெட்டி, சாஃப்ட்பாக்ஸ். கத்தியால் வெட்டியது போல நிழல்... நாலு விரல். முதல் விரல் பாதிதான்.

அப்பாவின் வலது கை. அந்த விரலை முன்பே ஒரு ரோப் தின்றிருந்தது.

இவ்வளவு மெத்தென்ற வெளிச்சத்தில் நிழல் கூர்மையாக விழ ஒரே வழிதான். நிழலுக்குரியது தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் கை சாஃப்ட்பாக்ஸைக் கழற்றப் போனது. வெறும் ஃபிளாஷுக்கே திரும்பிவிடலாம். அதில் கழுத்து சுத்தமாக இருந்தது.

“கை நடுங்குது பாரு. அப்பன் புத்தி.”

அவள் நிமிர்ந்தாள்.

“இன்னும் பெருசு ஒண்ணு இருக்கு சார். அஞ்சடி.”

“அதையே போடு.”

4:04.

டப்.

திரையில் பார்த்தாள். விரல்கள்... மடங்கியிருந்தன.

4:20க்கு கிடர்பூர் பாலத்தில், காருக்குள், மூச்சு முட்டிச் செத்துப்போனார் அனந்தகிருஷ்ணன்.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்று மறுநாள் அவர் மனைவி ராஜலக்ஷ்மி வந்தாள். “குளிப்பாட்டும்போது பார்த்தோம்மா. கழுத்துல நாலு தடம். ஒண்ணு குட்டையா இருந்துச்சு. டாக்டருக்கே புரியல.”

தேவிப்ரியா கேமராவின் மெமரி கார்டைத் திறந்தாள். ஐந்து படம். ஐந்திலும் கழுத்து சுத்தம். நிழல் எதிலும் இல்லை.

அடுத்த வாரம் ரமணன் போன் செய்தார். “மாலை போட்ட காண்ட்ராக்டர் அண்ணன் படம் பார்த்தேன் பாப்பா. முகம் பளிச்சுனு இருக்கு. பேனருக்கு இப்ப என் படம்தான் போடணுமாம்.”

“வாங்க அங்கிள்” என்றாள்.

அந்த அஞ்சடி சாஃப்ட்பாக்ஸை அவள் இன்னும் கழற்றவில்லை.