ஒட்டுப்பொட்டும் கவிழ்த்த துவக்கும்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் பிரஷாந்தினியைப் போல அசையாமல் நிற்கக்கூடிய பிறவி இன்னொன்று கிடையாது. போன வருட அணிவகுப்பில் அவளுடைய தொப்பியில் ஒரு புறா ஏறி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சைப் பறக்கப் பழக்கிவிட்டுத்தான் இறங்கிப் போனது. புறாவை நம்பாதவர்கள் விட்டுவிடலாம். மற்றதெல்லாம் நடந்தது.

வார நாட்களில் அவள் ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளின் பின்னால் ஓடுகிறாள். சனிக்கிழமைகளில் கனடிய இராணுவத்தின் பகுதிநேரப் படையில் கோப்ரல். "ஏன் பிள்ளை, உனக்கு வேறை உடுப்புக் கிடைக்கேல்லையோ?" என்று மேல்மாடி அல்போன்சம்மா ஒருநாள் மறித்துக் கேட்டாள்.

"அந்த உடுப்புக்குள்ளை என்ன இருக்கெண்டு உள்ளை போய்ப் பாக்கப்போறன், அன்ரி."

அதற்குமேல் அல்போன்சம்மா கேட்கவில்லை. இலங்கைப் போரின் கடைசி நாட்களில், சனமெல்லாம் கடல்நீரேரியைக் கடந்து இராணுவத்திடம் வந்த இடத்தில், உடுப்புக்காரர்கள் பிரஷாந்தினியின் அப்பா இரவிச்சந்திரனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவர் உழவு இயந்திரம் திருத்துகிறவர். ஏறும்போதுகூட மனைவியைத் திரும்பிப் பார்த்து, "எஞ்சின் இருமுது, இது கனதூரம் போகாது" என்றுதான் சொன்னார். பஸ் போனது. பிரஷாந்தினி அப்போது சிறுமி.

அம்மா கௌரி மொன்றியலுக்கு வந்த பிறகும் சிவப்புப் பொட்டை விடவில்லை. புருஷன் இருக்கிறவளுக்குப் பொட்டு. அவள் கணக்கில் அவர் இருக்கிறார். படுக்கப் போகுமுன் ஒட்டுப்பொட்டை நெற்றியிலிருந்து எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுவாள். விடிந்ததும் திரும்ப நெற்றிக்கு. பசை போனவற்றையும் எறிவதில்லை. கண்ணாடிக்கு அம்மை வந்தது போல இருக்கும். பல் தீட்டுகிறவர் தன் முகத்தைப் பொட்டுகளுக்கு நடுவே தேடிப் பிடிக்க வேண்டும்.

அந்தக் கண்ணாடிதான் பிரஷாந்தினியின் எதிரி.

"அம்மா, அப்பா இல்லை. அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடியுங்கோ. படத்துக்கு ஒரு மாலையைப் போடுவம்."

"உடம்பைக் காட்டு, போடுறன்."

"ஆரம்மா காட்டுவினம்?"

"அப்ப திகதியைச் சொல்லு. செத்த நாள் தெரியாமல் ஐயர் என்ன திதியைப் பாக்கிறது?"

ஒவ்வொரு முறையும் அங்கேயே முடியும். பல் தீட்டும் தூரிகையைக் கிளாசுக்குள் எறிந்துவிட்டு மகள் வெளியே வருவாள்.

இந்த நவம்பரில் பிரஷாந்தினியின் படைப்பிரிவு அவளைக் நினைவுக்கல் காவலுக்குத் தெரிந்தெடுத்தது. முகாமுக்குப் பக்கத்துப் பூங்காவில், பெயர் தெரியாமல் செத்த படைவீரர்களுக்கென்று ஒரு கருங்கல் நிற்கிறது. நினைவு நாளில் அதன் நாலு மூலையிலும் நாலு பேர் நிற்பார்கள். துவக்கைக் கவிழ்த்து, அதன் வாயைச் சப்பாத்தின்மேல் ஊன்றி, பிடியின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, தலை குனிந்து நிற்க வேண்டும். சனம் பூ வைத்துக் கலையும்வரை கண் நிமிரக்கூடாது. இருமக்கூடாது. மூக்கு வடிந்தால் வடியட்டும்.

மகளை அந்த உடுப்பில் பார்க்க ஒருநாளும் வராத கௌரியை அல்போன்சம்மாதான் இழுத்து வந்தாள். பிரஷாந்தினிக்கு அம்மாவின் பனிச்சப்பாத்துகள் மட்டுமே தெரிந்தன. குரல் நன்றாகவே கேட்டது.

"உதிலை என்ன எழுதியிருக்கு?"

"ஆரெண்டு தெரியாத ஆமிக்காரனாம்."

"ஆரெண்டு தெரியாதவனுக்கு என்ரை பிள்ளை ஏன் தலை குனியிறாள்?"

"உஸ், மெல்லக் கதை. உடம்பு கிடைச்சதாம் கௌரி. பேர்தான் கிடைக்கேல்லை."

"என்னட்டைப் பேர் கிடக்கு," என்றாள் கௌரி. "உடம்புதான் இல்லை."

"அதுக்கு நான் என்னடியப்பா செய்ய."

"எப்ப செத்ததெண்டு இவைக்குத் தெரியுமோ?"

"தெரியாதாம். எல்லாருக்கும் சேத்து இண்டைக்கு ஒரு நாளை வைச்சிருக்கினம்."

சனம் ஒவ்வொருவராக வந்து, நினைவு நாளுக்கென்று சட்டையில் குத்தியிருந்த சிவப்புப் பொப்பித் துணிப்பூவைக் கழற்றிக் கல்லில் வைத்தது. கௌரியின் பூ, அந்தப் பூக்களின் வழக்கப்படி, வரும் வழியிலேயே விழுந்துவிட்டது. அவள் சட்டையைத் தடவினாள். கையுறையைக் கழற்றினாள்.

தோசைக்கல் சுட்ட தழும்போடு அந்தக் கை பிரஷாந்தினியின் கண்ணுக்குள் வந்தது. விரல் நுனியில் சிவப்புப் பொட்டு. கண்ணாடியில் ஒட்டுவது போலவே கல்லில் பெருவிரலால் ஒரு அழுத்து. கை போய்விட்டது.

எத்தனையோ வருடமாக மகள் கேட்டது இதைத்தான். இப்போது அவளுக்கு "வேண்டாம் அம்மா" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மா காத்திருக்கும்வரை தானும் அவளோடு சேர்ந்து காத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு எட்டு வைத்தால் அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். அவள் நின்றாள். கண்ணீர் மூக்கு நுனியால் இறங்கித் துவக்குப் பிடியில் சொட்டியது.

குளிர்ந்த கல்லில் பசை பிடிக்கவில்லை. பொட்டு கழன்று அவளுடைய சப்பாத்துக்கு முன்னால் விழுந்தது.

திரும்பிப் போகக் கட்டளை வந்தது. இடது காலை வைக்க வேண்டிய இடத்தில் பொட்டுக் கிடந்தது. புறா முட்டையிட்டும் அசையாதவள் காலை மாற்றி வைத்தாள். நாலு பேரின் நடையும் குலைந்தது. "கோப்ரல், இடது கால் எது என்று மறந்துவிட்டதா?" என்று சார்ஜண்ட் புத்தான் பிரெஞ்சில் பல்லைக் கடித்தார்.

விட்டவுடன் ஓடிவந்து முழங்காலில் இருந்து தேடி எடுத்தாள்.

"அம்மா, விழுந்திட்டுது. வையுங்கோ."

கௌரியின் நெற்றியில் அந்த இடம் மட்டும் வெளிறி வட்டமாக இருந்தது. "நீதானே சொன்னனி," என்றாள்.

"நான் சும்மா சொன்னனான்."

"சும்மா ஒருத்தரும் சொல்லுறேல்லை, பிள்ளை. எழும்பு. ஈரம்." பிறகு அல்போன்சம்மாவிடம், "எங்கடை கடையளிலை மாலை கிடக்குமோ?"

"பிளாஸ்ரிக் மாலைதான் கிடக்கும்."

"படத்துக்கு அது காணும்."

பிரஷாந்தினி பொட்டைக் கையுறைக்குள் போட்டுக் கையைப் பொத்திக்கொண்டாள். மூவரும் பஸ் தரிப்புக்கு நடந்தார்கள். பஸ் வந்து நின்றது. அதன் எஞ்சின் இருமியது. தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கௌரி முதலில் ஏறினாள்.