ஜெனரேற்றர் ஓடும்போது

சண்டையால் மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில், உரும்பிராயில் எங்கள் அச்சகத்தில் ஒரேயொரு கொம்பியூட்டர் இருந்தது. பழுதானால் சைக்கிளில் ஒருவர் வந்து திருத்துவார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பர் ஒன்று வைத்திருப்பார். மெமரி அட்டையைக் கழற்றி, அதன் விளிம்பை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினால் பாதிப் பழுது போய்விடும்.

பிறகு ஜெனரேற்றரைப் போடச் சொல்வார். நாங்கள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். அவர் மட்டும் வாசலில் படுத்திருக்கும் எங்கள் நாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டேன். "ஏன் அண்ணை நாயைப் பாக்கிறியள்?"

"உந்த இரைச்சலுக்கை பொம்மர் வாறது எங்களுக்குக் கேளாது தம்பி. அதுக்குக் கேக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, நாய் எழும்பிப் பதுங்குகுழிக்கு ஓடியது. பின்னால் நாங்களும் ஓடினோம். குண்டு அடுத்த ஒழுங்கையில் விழுந்தது.

அங்கே செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வந்தது. அவருடைய நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை நாங்கள்தான் அடிக்க வேண்டும். கொம்பியூட்டர் மறுபடி நின்றுவிட்டது. சைக்கிள்காரர் வந்தார், திருத்தினார், வாசலைப் பார்த்தார்.

"நாய் எங்கை?"

"அண்டைக்குக் குண்டுச் சத்தத்துக்கு வெருண்டு ஓடினது, திரும்பி வரேல்லை."

"அப்ப ஜெனரேற்றரைப் போடாதேங்கோ. நான் வாறன்."

அழிறப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். எனக்குச் சினம் வந்தது. வேலை கிடக்கிறது, இவருக்கு நாய் வேண்டுமாம். நானே போய் ஜெனரேற்றர் கயிற்றைப் பிடித்தேன்.

நாய் படுத்திருந்த இடம் கண்ணில் பட்டது. கயிற்றை இழுக்கக் கை வரவில்லை.