ஒரு நாளைக்கு இரண்டு கையெழுத்து

எட்டாம் வகுப்பில் பாதி நாள் நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. படிப்பு ஏறாத பெண் என்று உப்பளம் பகுதியில் எங்கள் தெருவே முடிவு கட்டியிருந்தது. உண்மையில் எனக்குப் படிப்பு நன்றாகவே வரும். ஆனால் நைட் ஷிப்டு வாரங்களில் அப்பா பகலெல்லாம் வீட்டில் இருப்பார். இருந்தால் அம்மாவை அடிப்பார். நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் அடி விழாது. எனக்குத் தொண்டை பெரிது, கத்தினால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். அப்பாவுக்கு மானம் பெரிது. அதனால் அந்த வாரங்களில் யூனிபாரம் போட்டுக்கொண்டு கிளம்பி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

டீச்சர் இரண்டு முறை போன் செய்தார். ஒரு முறை நேரிலேயே வந்தார். அதன் பிறகு ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரம்மா வந்து, நாங்கள் மூவரும் ஆஜராக வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தார். அது கோர்ட்டு இல்லை, குழந்தைகள் நலக் குழு என்று பொறுமையாகச் சொன்னார். போலீஸ் வந்து தாள் கொடுத்தால் எங்கள் தெருவுக்கு அது கோர்ட்டுதான்.

அன்று காலை தலை பின்னும்போது அம்மா என் சடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதருகில் சொன்னாள்.

“அங்க அப்பாவப் பத்தி ஒரு வார்த்த பேசுன, நான் கடல்ல போய் வுழுந்துடுவேன், பாத்துக்க.”

நான் நம்பினேன். கடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடி போட்ட ஒரு மேடம். டீச்சர் மடியில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார், போலீஸ்காரம்மா கதவோரம் நின்றார். இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அம்மா முந்தானையை இழுத்து இரண்டு கைகளையும் மூடியிருந்தாள்.

“ஏம்மா, ஏன் ஸ்கூலுக்குப் போறதில்ல?” என்று மேடம் என்னைக் கேட்டார்.

“வயித்து வலி மேடம்.”

“சோம்பேறித்தனம் மேடம். செல்லம் குடுத்துக் கெடுத்துட்டோம்” என்றார் அப்பா சிரித்துக்கொண்டே.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையையே கவிழ்த்திருப்பேன். கடலை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டீச்சர் எழுந்து பதிவேட்டை மேசையில் விரித்தார். “இவளுக்கு ஒரு வாரம் வுட்டு ஒரு வாரந்தான் மேடம் வயித்து வலி வருது” என்றார்.

மேடம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு வாரம் முழுக்க வந்திருந்தேன், மறு வாரம் முழுக்க இல்லை. பிறகு நிமிர்ந்து, அப்பாவிடம் எங்கே வேலை என்று கேட்டார்.

“சேதராப்பட்டுல ஒரு கம்பெனி மேடம்.”

“என்ன ஷிப்டு?”

“ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் நைட்டு.”

மேடம் பதிவேட்டையும் அம்மாவின் மூடிய கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் நான் சொல்லிவிடுவேன், அம்மா கடலுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வயிறு வலித்தது. ஆனால் மேடம் கேட்கவில்லை. போலீஸ்காரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

தீர்ப்பு எனக்குத்தான். தினமும் பள்ளிக்கூடம் போக வேண்டும். போகிறேனா என்று பார்க்கப் போலீஸ்காரம்மா காலையிலும் மதியமும் வீட்டுக்கு வருவார். அவர் கொண்டுவரும் நோட்டில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அம்மாதான் போட வேண்டும், அப்பா போட்டால் செல்லாது.

மறுநாளே அப்பாவுக்கு நைட் வாரம் தொடங்கியது. வகுப்பில் எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசி மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன். அம்மா உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், புதுக் காயம் எதுவும் இல்லை. அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“மத்தியானமும் வந்துட்டுப் போனாங்க” என்றாள் அம்மா.

காலையில் நான் கிளம்பும் நேரத்தில் அந்தக் கூத்தை நானே பார்ப்பேன். “வெளிச்சத்துக்கு வந்து போடும்மா” என்பார் போலீஸ்காரம்மா. அம்மா வாசலுக்கு வந்து, கையை நீட்டிக் கையெழுத்துப் போடுவாள். அவரோ நோட்டைத் திரும்பியும் பார்க்க மாட்டார், அம்மாவையே பார்த்துக்கொண்டிருப்பார். சம்பளம் வாங்கிக்கொண்டு இவ்வளவு அலட்சியமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வருடம் வீட்டில் அடி விழவில்லை. நான் ஒழுங்காகப் படிப்பதைப் பார்த்து அப்பா திருந்திவிட்டார் என்று நம்பினேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. போலீஸ்காரம்மாவைப் பற்றி மட்டும் என் கருத்து மாறவே இல்லை. நான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நட்டநடு மதியத்தில், வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து என்னைத் தேடுகிறாரே, இவர் சரியான மண்டு என்றுதான் அந்த வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.