ஒண்ணாம் நம்பர் கட்டில்

முப்பத்தோரு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனிதருக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய சந்தேகத்துக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. தெருவே அவரை செக்கர் என்றுதான் கூப்பிடும். பால்காரர் ஊற்றும்போது குனிந்து அளவைப் பார்ப்பார். மகள் வேலை விட்டுப் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று விசாரணை நடக்கும். யார் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள், யாருக்குத் திடீரென்று தூக்கம் வருகிறது என்று பார்த்தே டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்துவிடுவார் என்று டிப்போவில் அவருக்குப் பெயர் உண்டு. அப்படிப் பிடிபட்டவர்களில் பாதிப் பேர் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், மகள் ஆட்டோ பிடித்து நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். செக்கருக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

"காசு வாங்காம எவன் நம்மளப் பாப்பான்? ஏதோ உள்குத்து இருக்கு," என்றார்.

"அப்பா, பெரிய பெரிய டாக்டருங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்க," என்றாள் மகள்.

பெண்கள் வார்டு ஒரு நீளமான கூடம். இரண்டு வரிசையாக நாற்பது கட்டில்கள். ஒரு கோடியில் சிஸ்டரின் மேஜை; மறுகோடியில் வராந்தாவுக்குப் போகும் வாசல். மேஜையை ஒட்டிய கட்டில் ஒன்று, வாசலை ஒட்டியது நாற்பது. மனைவிக்கு நாலாம் நம்பர் கிடைத்தது. இரவில் மகள் துணைக்கு இருப்பாள். பகலில் அவள் தையல் கம்பெனிக்குப் போனபிறகு செக்கரின் முறை. அவர் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக மாத்திரைகளை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால், மனைவி பதினொன்றாம் நம்பரில் இருந்தாள். நாலாம் நம்பரில் வேறொரு பெண். ஐம்பது வயதிருக்கும். துணைக்கு ஆள் இல்லை, தூக்குப்பாத்திரம் இல்லை, மாற்றுத்துணி இல்லை. ஆனால் இரண்டு நர்சுகள் அவளையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். செக்கர் சும்மா நடப்பதுபோல் நடந்து, கட்டில் காலில் தொங்கிய அட்டையை எட்டிப் பார்த்தார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெயரை மறைக்கிறார்கள் என்றால் ஏதோ பெரிய இடம். பெரிய இடத்து ஆளுக்காகத் தன் மனைவியைத் தள்ளிவிட்டார்கள்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாமப் படு."

டிப்போ கொடுத்த பழைய சிறு நோட்டு ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். அதை எடுத்தார். காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை நாலாம் நம்பருக்கு நர்சு போனது பதினேழு தடவை. பதினொன்றாம் நம்பருக்கு வந்தது நாலே தடவை. தேதி, நேரம் போட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மனைவியைப் பத்தொன்பதுக்கு மாற்றினார்கள். அன்று வந்தது இரண்டு தடவை.

"இன்னும் ரெண்டு நாள்ல வராந்தாவுல கொண்டுபோய்ப் போடுவாங்க பாரு," என்று அவர் நோட்டைக் காட்டினார். பகல் முழுக்க அவள் காதில் இதையே ஓதியிருந்ததால் அவளுக்கும் கொஞ்சம் தொற்றிக்கொண்டது.

"ஆமாங்க. கூப்பிட்டாக்கூட லேட்டாத்தான் வர்றாங்க," என்றாள்.

அவர் நேரே மேஜைக்குப் போனார். சிஸ்டர் நாற்பது வயதுக்காரி. காலில் வீக்கம் இருந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள்.

"நாலாம் நம்பருக்கு யாரும்மா சிபாரிசு?"

"சிபாரிசா? இங்க சிபாரிசுக்கெல்லாம் கட்டில் கிடையாதுங்க," என்று அவள் நிமிராமலே சொன்னாள். அதற்குள் யாரோ கூப்பிட, வெறுங்காலோடு ஓடினாள். முகம் கொடுத்துப் பேசாதவர்களை செக்கருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தோரு வருடம் அந்த வகையைப் பிடித்தே பழகியவர்.

மறுநாள் காலை முழுப் பக்கத்துக்கு மனு எழுதிக்கொண்டு கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போனார். சிபாரிசு உள்ளவர்களுக்கு மேஜை அருகிலும் இல்லாதவர்களுக்கு வாசல் அருகிலும் இடம் ஒதுக்கப்படுவதாகவும், தன் மனைவியை உடனடியாக மேஜை அருகே மாற்றவேண்டும் என்றும் எழுதியிருந்தார். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார். கிளார்க் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டான்.

திரும்பி வந்தால் பத்தொன்பதாம் நம்பரில் வேறு யாரோ. வராந்தாவுக்கே தள்ளிவிட்டார்கள் என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜையை நோக்கிப் போனவர் அப்படியே நின்றார். மனைவி ஒண்ணாம் நம்பரில் படுத்திருந்தாள். மூக்கில் பிராணவாயுக் குழாய், தலைமாட்டில் குளுக்கோஸ் பாட்டில், பக்கத்திலேயே ஒரு நர்சு.

செக்கருக்குத் தலைகால் புரியவில்லை. மனு போய்ச் சேர்ந்த வேகமென்ன! பக்கத்துக் கட்டில்காரர்களிடம் போய், "கேக்குற விதத்துல கேட்டா எல்லாம் நடக்கும். நீங்களும் எழுதிக் குடுங்க," என்று ஆலோசனை வழங்கினார். மனைவி கண் திறக்காததுகூட, கடைசியில் நல்ல கட்டில் கிடைத்த நிம்மதி என்றே அவருக்குத் தோன்றியது.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தாள்.

"என்னய்யா, ஒண்ணாம் நம்பர் கிடைச்சதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"பின்ன?"

"அங்க வர்றது நல்லதுக்கில்லய்யா. ரொம்ப மோசமா இருக்குறவங்களத்தான் சிஸ்டரம்மா கண்ணுக்கு நேரா வச்சுக்குவாங்க. உடம்பு தேறத் தேற வாசப் பக்கம் போவாங்க. அங்கிருந்து வீட்டுக்கு. உங்க வீட்டம்மா நல்லாத்தான போய்க்கிட்டிருந்தாங்க? காலையில திடீர்னு மூச்சு நின்னு போற மாதிரி ஆயிடுச்சு. உங்களத் தேடாத இடமில்ல."

"நாலாம் நம்பர் அந்தம்மா... பெரிய இடம் இல்லையா?"

"பஸ் ஸ்டாண்டுல மயங்கிக் கிடந்தவங்கய்யா அது. யாரு பெத்ததோ, பேரு சொல்லக்கூட நினைவில்ல."

டிக்கெட்டே இல்லாத ஒருத்திக்கு முன்சீட்டைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதுவும் இந்த வண்டியின் வழக்கமாம். செக்கர் முக்காலியில் உட்கார்ந்து மனைவியின் கையைத் தொட்டார். சுட்டது.

"காலையில மூச்சுத் திணறினப்போ பிடிச்சுக்கக் கை தேடினாங்க," என்றாள் சிஸ்டர், பாட்டிலைச் சரிசெய்தபடி. "நீங்க இல்ல. என் கையத்தான் பிடிச்சுக்கிட்டாங்க."

அந்த நேரத்தில் தான் எந்த வரிசையில், எதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று அவர் சொல்லவில்லை. அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் அவள் ஒண்ணாம் நம்பரிலேயே கிடந்தாள். பழக்கதோஷத்தில் அவர் கை நோட்டை எடுத்தது. முதல் நாள் நர்சு வந்தது முப்பத்திரண்டு தடவை. அதற்கு மேல் குறிக்கப் பயமாக இருந்தது, நோட்டை மூடிவிட்டார். மருந்தை மாற்றினார்கள். டாக்டர் எதுவும் சொல்லாமல் போனார். அப்போதும் சந்தேகம் அவரை விட்டபாடில்லை. ஆனால் இப்போது அது வேறு இடத்தில் குடைந்தது. மனு சிஸ்டரின் கைக்கு வந்தால்? அந்த ஆத்திரத்தை மனைவியின் மேல் காட்டினால்?

மூன்றாம் நாள் காலை தாங்கமுடியாமல் கேட்டுவிட்டார். "அம்மா, நான் ஆபீஸ்ல ஒண்ணு எழுதிக் குடுத்துட்டேன்..."

"தெரியும். முந்தாநாளே பேப்பர் வந்துடுச்சு," என்றாள் சிஸ்டர். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஊசி போடணும்."

முந்தாநாள். முப்பத்திரண்டு தடவை வந்த அதே நாள். செக்கர் எழுந்து அலுவலகத்துக்கு ஓடினார். வரிசையில் அவர் முறை வரும்போது மதியம் தாண்டிவிட்டது.

"வாபஸ் வாங்கணுமா? பதிவு ஆயிடுச்சே. அதுக்கு இன்னொரு மனு எழுதணும்," என்றான் கிளார்க்.

நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதினார். "முந்தைய மனுவில் என் மனைவியை மேஜை அருகே மாற்றக் கேட்டிருந்தேன். நான் அறியாமல் எழுதியது. சிஸ்டர் மீது ஒரு குற்றமும் இல்லை. என் மனைவியைக் கூடிய விரைவில் வாசல் பக்கம் மாற்றித்தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கிளார்க் அதை இரண்டு முறை படித்தான்.

"இத நான் யாருக்குங்க அனுப்புறது?"

"யாருக்கு அனுப்பினா நடக்குமோ அவருக்கு அனுப்புங்க தம்பி."

கிளார்க் அவர் முகத்தைப் பார்த்தான். முத்திரை குத்தி வைத்துக்கொண்டான்.

வார்டுக்குத் திரும்பினால், ஒண்ணாம் நம்பரில் புதிதாக ஒரு சின்னப் பெண் கிடந்தாள். மேஜையில் சிஸ்டர் இல்லை. ஆயாவும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பிழைத்தவருக்கு, இப்போது யாரையும் கேட்கத் தைரியம் வரவில்லை. கட்டில் கட்டிலாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஐந்து. ஏழு. பெயர் தெரியாத அந்தப் பெண் எட்டில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க!"

ஒன்பதாம் நம்பர். மூக்கில் குழாய் இல்லை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குரல் கம்மியிருந்தாலும் கோபம் நன்றாகவே கேட்டது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? என்னை மறுபடியும் தள்ளிட்டாங்க பாருங்க. நீங்க சொன்னது சரிதான். போய்க் கேளுங்க அந்த சிஸ்டர!"

செக்கர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண் வாசல் பக்கம் போனது.

"தள்ளட்டும்மா," என்றார். "இன்னும் தள்ளட்டும்."