லிட்டரம்மாவும் வைக்கோல் கட்டும்

ஆலையில் எல்லாரும் அவளை லிட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வைக்கோலிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றான எத்தனால் எடுக்கும் முறையை வடிவமைப்பதும், அதற்குச் செலவுக் கணக்குப் போடுவதும் அவள் வேலை. யார் எதைப் புதிதாகச் சொன்னாலும், "இதுல லிட்டருக்கு எவ்வளவு கூடும்?" என்பாள். சோபா வாங்கப் போன கடையிலும் வாய்தவறி அதையே கேட்டு வைத்தாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே கணவன் இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறான்.

ஏழு வருட உழைப்பு. ஆய்வகத்தில் அவள் முறை சொக்கத்தங்கம். சோதனை ஆலைக்கு வந்ததும் மண்ணைக் கவ்வியது. புளித்த கரைசலில் எத்தனால் நீர்த்துப்போயிருந்தது. அதைக் காய்ச்சிப் பிரிப்பதற்குள் பாய்லர் பணத்தைத் தின்று தீர்த்தது. லிட்டர் செலவு பெட்ரோல் விலையைத் தாண்டிப் போனது.

"மாசக் கடைசிக்குள்ள விலை இறங்கலேன்னா பூட்டிடலாம்மா," என்றார் முதலாளி. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. தன்மையாகச் சொன்னதிலேயே அவர் முடிவெடுத்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

வைக்கோலைச் சர்க்கரையாக்கும் என்சைமை மாற்றினாள், சூட்டை மாற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு மதியம் வெறுத்துப்போய் கிடங்கில் இருந்த வைக்கோல் கட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். எழுந்தபோது பாய்லர்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"லிட்டரம்மா, பின்னாடி நனைஞ்சிருக்கு."

கோபம் மூக்கு நுனிவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. மழை பெய்து எத்தனையோ நாளாகிறது. கட்டுக்குள் கையை விட்டாள். ஈரம். அடுத்த கட்டிலும் ஈரம். வயலிலிருந்தே காயாமல் வந்திருந்தன.

ஆய்வகத்தில் வைக்கோலை உலர்த்திய பிறகே எடை போடுவார்கள். அந்தக் காய்ந்த வைக்கோலுக்கு எழுதிய தண்ணீர் அளவையே ஆலையில் இந்த ஈர வைக்கோலுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எடையில் கால்வாசிக்கு மேல் தண்ணீர். கணக்கிலோ அத்தனையும் வைக்கோல். கரைசல் நீர்த்துப்போனது அதனால்தான். அந்த அளவை எழுதிய புண்ணியவதியும் அவளேதான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாக இருந்தது.

நனைந்த உடையோடே ஆலைக்குள் ஓடினாள். "இனிமே ஈரம் பாக்காம ஒரு கட்டும் உள்ள போகக் கூடாது. அதுல இருக்கற தண்ணியக் கழிச்சுட்டு மிச்சத்த ஊத்துங்க."

மாதக் கடைசியில் லிட்டர் செலவு பெட்ரோல் விலைக்குக் கீழே இறங்கியிருந்தது. முதலாளி செலவுக் கணக்குத் தாளை இரண்டு தடவை படித்தார். "பெரிய ஆலைக்கு டிசைன் போடுங்கம்மா," என்றார். பாய்லர்காரர் விசிலடித்தார்.

அன்று வீட்டு வாசலில் அவள் அந்தத் தாளோடு வந்து நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. கணவன் அவள் முகத்தையே பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவனே கேட்டான்:

"லிட்டருக்கு எவ்வளவு?"