மகளுக்கு எதிரே ஓடியது

ஏரிக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊர் பசியாவரத்தில் படகிலிருந்து இறங்க முழங்கால் தண்ணீரில் குதிக்க வேண்டும். என் மகள் எப்போதும் படகு நிற்பதற்கு முன்பே குதிப்பாள். அன்று பலகையில் உட்கார்ந்து, வலது காலை மெல்லத் தொங்கவிட்டு இறங்கினாள்.

அவள் இந்தியாவுக்காக ரக்பி ஆடுகிறவள். பொன்னேரியில் கல்லூரிக்குப் போன பிறகு கற்றுக்கொண்டது. பந்தோடு ஓடி வருகிறவரைப் பாய்ந்து கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவது அவள் வேலை. போன ஆட்டத்தில் வலது முழங்கால் மூட்டு பிசகிவிட்டது. "சரியாப் போச்சு நைனா" என்று போனில் சொல்லியிருந்தாள். அடுத்த வாரம் வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் முகாம். இதை விட்டால் வயது போய்விடும், இனிக் கூப்பிடமாட்டார்கள்.

ஏரியில் வலை கட்டும் இடத்தை நாங்கள் பாடு என்போம். வீட்டு ஆண்களுக்கு முறை வைத்து வரும். பெண்ணுக்கு வராது. உடம்பு முடியாதவன் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், அடுத்தவன் இறங்குவான். மறைத்து இடத்தைப் பாழாக்குகிறவனுக்கு ஊரில் மதிப்பில்லை. என் மகளுக்குக் கிடைத்த ஒரே முறை அந்த ரக்பிச் சட்டைதான்.

சாயங்காலம் என்னை மணல் திட்டுக்குக் கூட்டிப்போனாள். பழைய வலையைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள்.

"பந்துனு நெனச்சுக்கோ. நேரா என் மேல ஓடியா. மூட்டு தாங்குதானு பாக்கணும்."

நாலு பேர் பார்த்தாலே எனக்குக் கால் பின்னும். கரையில் வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சும்மா விடுவார்களா?

"இன்னா மாமா, இந்த வயசுல பொண்ணு கையால உதையா?"

"லுங்கி பத்திரம் மாமா!"

ஓடினேன். அவள் குனிந்து பாய்ந்தாள். என் தொடையில் கை பட்டது. அதற்குள் மூட்டு மடங்கி மணலில் கிடந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் கை மட்டும் என் கணுக்காலை விடவில்லை. கரையில் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. விழுந்தேன்.

"நீயா வுழுந்த நைனா." முகத்தை மணலிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"இல்லம்மா, நீதான் தள்ளிட்ட. கட்டுப் போட்டுக்கினு போ. யாருக்குத் தெரியப் போவுது?"

"முடியாதத மறைச்சவன்கூட நீ படகு ஏறுவியா?"

என் போனைக் கேட்டு வாங்கினாள். தன் மூட்டு தாங்கவில்லை, அடுத்த பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று பயிற்சியாளரிடம் சொன்னாள். குரல் உடையவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்த பிறகும் இன்னொரு கை என் கணுக்காலிலேயே இருந்தது. நானும் எழுந்திருக்கவில்லை.