சாமி பேட்டரியும் மத்த பேட்டரிகளும்

சீல் பண்ணின பேட்டரினா பராமரிப்பே வேணாம்னு பெட்டியில அச்சடிச்சிருப்பாங்க. அத அச்சடிச்சவரு மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வந்ததே இல்ல. நம்மள மாதிரி இந்த பேட்டரி ரிப்பேர் தொழில்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு இது தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

மங்குற பல்பு

நம்ம கடையில இருக்கிற சார்ஜர், செத்துப்போன ஒரு ஆம்ப்ளிஃபயரோட டிரான்ஸ்ஃபார்மர்ல நானே கட்டினது. கரண்ட் ஒரேயடியா பாயாம இருக்க, ஒவ்வொரு பேட்டரிக்கும் போற வயர்ல நடுவுல ஒரு மோட்டார்சைக்கிள் பல்பு. காலி பேட்டரிய மாட்டினா பல்பு நல்லா எரியும். சார்ஜ் ஏற ஏற மங்கிடும். அவ்வளவுதான் விஷயம். இத ஒருத்தருக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டத்தண்ணி வத்திப்போகும்.

பக்கத்துக் கடை சலூன் ராஜு அண்ணன் எமர்ஜென்சி லைட் பேட்டரியக் குடுத்துட்டுப் போனாரு. சாயங்காலம் வந்து பாத்தா அவரு பல்பு மங்கிக் கெடக்கு. அப்பத்தான் மாட்டின இன்னொரு பேட்டரிக்குப் பல்பு ஜெகஜோதியா எரியுது. டீ குடிக்கப் போன நான் திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு வயரையும் மாத்தி மாட்டிட்டாரு. "ஏண்ணே?"னு கேட்டேன். மனுசன் மொகத்த தூக்கி வச்சிக்கிட்டாரு.

"அந்தாளு பேட்டரிக்கு மட்டும் வெளிச்சம், எனக்கு மட்டும் சிமினி வெளக்கா?"

சந்தனப் பொட்டு

ஆயுத பூசை முடிஞ்சா எனக்கு வேல ஜாஸ்தி. பெருமாள் மாமா தோட்டத்துல பெரட்டு வேல முடிஞ்சு வந்து மரக்கறி பயிர் போடுறவரு. பேட்டரில ஓடுற மருந்தடிக்கிற டேங்க்குக்குப் பூசை போட்டாரு, நல்ல விஷயம். டேங்க்கோட நிறுத்தியிருக்கலாம். பேட்டரியக் கழட்டி, ரெண்டு முனையையும் சேத்து ஈரச் சந்தனத்தால பட்டையா இழுத்து, மேல குங்குமமும் வச்சு, அப்படியே மூலையில விட்டுட்டாரு. ஈரத்துலயே கொஞ்சங் கொஞ்சமா சார்ஜ் கசிஞ்சு, முனையெல்லாம் பச்ச புடிச்சிருந்துச்சு. பழைய பிரஷ் வச்சுத் தேச்சுத் தேச்சு என் கை ஓஞ்சு போச்சு. "மாமா, அடுத்த வருசம் பக்கத்துல மட்டும் பொட்டு வைங்க"னு பணிவாத்தான் சொன்னேன்.

"பூசையக் கொற சொல்லாதீங்க தம்பி, ஒங்க பேட்டரிக்குத்தான் பக்தி பத்தல."

பத்திரமா வச்சது

பரமேஸ் அக்கா மேல் டிவிசன்ல கொழுந்தெடுக்கிறவங்க. அவங்க வீட்டுக்காரரு யோகராஜ் அண்ணனுக்கு மூச்சு வாங்குற வியாதி. கரண்ட் போனா ஆவி புடிக்கிற மெஷின் ஓடணும்னு, சார்ஜர் இல்லாத சின்ன இன்வர்ட்டரும் ஒரு பேட்டரியும் நான்தான் மாட்டிக் குடுத்தேன். சும்மா இருந்தாலும் சார்ஜ் எறங்கும், மாசத்துக்கு ஒருக்கா கொண்டாங்கனு படிச்சுப் படிச்சு சொன்னேன். சரிங்க தம்பினு தலையாட்டிட்டுப் போனவங்க அப்புறம் வரவே இல்ல.

காத்து மழையில ஒரு நாள் காலையில மரம் விழுந்து கரண்டும் போச்சு, ரோட்டையும் மறிச்சிருச்சு. த்ரீவீல் ஆட்டோ மேட்டுக்கு ஏற முடியாது, ஆஸ்பத்திரிக்கும் எறங்க முடியாது. அக்கா அந்த மழையில துண்டுல சுத்தின பேட்டரியோட நடந்தே வந்து நிக்கிறாங்க. அண்ணனுக்கு இழுக்குதாம், மெஷின் ஓடலையாம். மீட்டர் வச்சுப் பாத்தேன். உயிரே இல்ல. எனக்கு வந்த கோவத்துக்கு நல்லா திட்டியிருப்பேன், அந்த மொகத்தப் பாத்துட்டு, ஏன்க்கா கொண்டாரலனு மட்டும் கேட்டேன்.

"அடிக்கடி தொட்டா தீந்துருமேனு சாமி படத்துக்கிட்ட பத்திரமா வச்சிருந்தேன் தம்பி."

கோயில் பேட்டரி

கடையிலயும் கரண்ட் இல்ல, சார்ஜ் போட வழியில்ல. நெறஞ்ச பேட்டரினு இருந்தது ஒண்ணே ஒண்ணு. அது கோயில் மைக் செட்டோடது. மறுநாள் சாமி தோட்டத்து வீட்டு வரிசையெல்லாம் லயம் லயமா ஊர்வலம் வரணும், அதுக்குக் குடுத்து வச்சது. கோயில் கமிட்டிப் பொருளாளர் சிவலிங்கம் ஐயாவுக்குப் போன் போட்டுப் பாத்தேன், லைன் கெடைக்கல. யோசிக்க நேரமும் இல்ல. அக்கா கையில குடுத்து, செவப்பு இதுல, கறுப்பு அதுலனு காட்டி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் எனக்கு ஒரு வேலயும் ஓடல. மேல என்ன ஆச்சோனு ஒரு பயம், கமிட்டி வந்தா என்ன சொல்றதுனு ஒரு பயம்.

மத்தியானத்துக்கு மேல அக்கா போன்ல வந்தாங்க. அண்ணன் ரெண்டு தரம் ஆவி புடிச்சு, சாஞ்சு உக்காந்து பிளேன்டீ கேட்டாராம். ரோடு தொறந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறாங்களாம். எனக்கு அழுகையே வந்திருச்சு, பொய் சொல்லல.

போன வைக்கிறேன், வாசல்ல பொருளாளர் ஐயா கொடையோட நிக்கிறாரு, பேட்டரிய எடுத்துட்டுப் போக. நடந்ததெல்லாம் சொன்னேன். கொடைய மடக்கினாரு. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"சாமிக்கு மூச்சு வாங்காது தம்பி, குடுத்தது சரிதான், ஆனா நாளைக்கு மைக் இல்லாம லயம் லயமா கத்துறதுக்கு என் பின்னாடி நீங்கதான் வரணும்."

கத்தினேன், தொண்ட கட்டிக்கிச்சு, இப்ப கடைக்கு வர்றவங்ககிட்ட மாசத்துக்கு ஒருக்கா பேட்டரிய கொண்டாங்கனு கை ஜாடையிலதான் சொல்லிக்கிட்டிருக்கேன், அதுக்கும் எல்லாரும் சரிங்கனு தலையாட்டிட்டுத்தான் போறாங்க.